விருந்தாளி நாற்காலிகள்

எங்கள் தலைமையாசிரியர் வாயில் ஒரே ஒரு வார்த்தைதான். "சமாளிப்போம்." கூரை ஒழுகினாலும் சமாளிப்போம். ஒரு வாத்தியார் ஓய்வுபெற்றுப் போய் அந்த இடத்துக்கு ஆள் போடாவிட்டாலும் சமாளிப்போம். கழிப்பறைக் கதவு கையோடு கழன்று வந்தாலும் சமாளிப்போம். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'சமாளி சார்'. எனக்கு வைத்த பெயர் 'பட்டாசு டீச்சர்'. இந்த இரண்டு பெயரும் எங்களுக்குத் தெரியாது என்று பாவம், பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் கணக்கு டீச்சர். அதாவது, வேலைக்குச் சேர்ந்தபோது கணக்கு டீச்சர். இப்போது கணக்கு, அறிவியல், புதன்கிழமையானால் ஓவியம். எனக்கு ஒரு பூனை வரையத் தெரியாது. நான் கரும்பலகையில் வரைந்த பூனையைப் பார்த்து, "டீச்சர், இது மேஜையா?" என்று ஒரு பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டது. ஓவிய வாத்தியார் போனபோதே கல்வி அலுவலகத்துக்கு எழுதுங்கள், ஆள் கேளுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "எழுதினா மட்டும் குடுத்துடுவாங்களா? நீங்க கொஞ்சம் பாத்துக்கோங்கம்மா. சமாளிப்போம்" என்றார். சமாளித்தது யார்? அவரா?

இப்படித்தான் எங்கள் பள்ளி ஒவ்வொன்றாகச் சுருங்கியது. வராந்தாவில் ஒன்று விட்டு ஒன்று பல்பைக் கழற்றினார்கள். நூலகத்தையும், உடம்பு சரியில்லாத பிள்ளைகள் படுக்கும் அறையையும் ஒன்றாக்கினார்கள். இப்போது காய்ச்சல்காரப் பிள்ளை அட்லஸ் அலமாரிக்குக் கீழே சுருண்டு கிடக்க, மற்ற பிள்ளைகள் அதைத் தாண்டிப் போய்ப் புத்தகம் எடுக்கிறார்கள். நகல் எடுக்கும் தாள், தலைமையாசிரியரின் பீரோவுக்குள் பூட்டில் இருக்கிறது. ஒரு தாள் கேட்டால் எதற்கு, ஏன், இரண்டு பக்கமும் எழுதுவீர்களா என்று போலீஸ் விசாரணை. பெருக்குகிற அம்மாவை அரை நாள் வேலைக்காரியாக்கிவிட்டார்கள். மீதி அரை நாள் துடைப்பம் எங்கள் கையில்.

வரவு குறைந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். குறைந்தது வெளியே தெரியாதபடி நாங்களே பொத்திப் பொத்தி வைத்தோமே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

எங்களிடம் ஒரு வகுப்பு நிறையும் அளவுக்கு நீல நிற நாற்காலிகள் உண்டு. எப்போதோ ஒரு புண்ணியவான் நன்கொடையாகக் கொடுத்தவை. அவை முதல் வகுப்பறையில் இருக்கும். மற்ற வகுப்புகளில் எல்லாம் கால் ஆடுகிற பெஞ்சுதான். ஆனால் அலுவலகத்திலிருந்து பார்வையிட யாராவது வந்தால், அவர்கள் எந்த வகுப்புக்குள் நுழைந்தாலும் நீல நாற்காலிதான் தெரியும். எப்படி? இரண்டு வகுப்புக்கு நடுவே ஒரு பூந்தொட்டி இருக்கிறது. வந்தவரை அந்தத் தொட்டி முன்னால் நிறுத்தி, தலைமையாசிரியர் செடியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். அதற்குள் பின் கதவு வழியாகப் பெஞ்சுகள் முற்றத்துக்குப் போய்விடும். நாற்காலிகள் அடுத்த வகுப்புக்கு வந்துவிடும். பிள்ளைகள் ஷூவைக் கழற்றிவிட்டு, ஆளுக்கொரு நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் ஓடுவார்கள். டிரில் மாஸ்டர் கைச்சைகையாலேயே எல்லாவற்றையும் நடத்துவார். அவர் விளையாட்டு சொல்லிக்கொடுத்து ஒரு கோப்பை வாங்கியதில்லை, இதில் மட்டும் ஒரு நாற்காலி இடறி விழுந்ததில்லை. பிள்ளைகள் அவற்றுக்கு வைத்த பெயர் 'விருந்தாளி நாற்காலி'.

வந்தவர் சந்தோஷமாகப் போவார். 'இப்பள்ளி நல்ல வசதிகளுடன் இயங்குகிறது' என்று எழுதுவார். அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் வெட்டுவார்கள். வெட்டாமல் என்ன செய்வார்கள்? நிறைந்திருக்கிற தட்டில் எவராவது பரிமாறுவார்களா?

சரி, நாற்காலி போனால் போகிறது. இந்த முறை வெட்ட வந்தது எங்கள் வாசிப்பு டீச்சரை.

அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் அக்கா மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறாள். பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று அவள் மாறி மாறி ஓடுவதால், பெண் பாதி நாள் என்னோடுதான். பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. ஆள் சின்னது, காரம் ஜாஸ்தி, அதனால் வீட்டில் அவள் பெயர் மிளகு. வாய் காதுவரைக்கும். கணக்கைத் தாளில்லாமலே போடுவாள். ஆனால் ஒரு வரி படிக்கச் சொன்னால் போதும், முகம் செத்துவிடும். நமக்கெல்லாம் சொன்னபடி நிற்கிற எழுத்துகள் அவளுக்கு மட்டும் நிற்காது. முதல் எழுத்தைப் பார்ப்பாள், மீதியைக் கற்பனையில் சேர்த்துக்கொள்வாள். பாடத்தில் விவசாயி உழுதுகொண்டிருப்பார். இவள் வாயில் அவர் விமானம் ஏறிப் போய்விடுவார். வகுப்பே சிரிக்கும். காலையில் வயிற்று வலி என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடப்பாள். அக்கா நர்ஸ், அவளுக்கே என்ன வலி என்று பிடிபடவில்லை.

வாசிப்பு டீச்சர் வந்த முதல் வாரமே பிடித்துவிட்டாள். சின்னப் பெண்தான், சத்தம் போட்டுப் பேசவே தெரியாது. மாடிப்படிக்கு அடியில் பழைய சாமான் போட்டு வைத்திருந்த இடத்தைத் துடைத்து, பாய் விரித்து, படிக்க வராத பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்தாள். ஓர் அட்டையில் ஒரு வார்த்தை மட்டும் தெரியும் அளவுக்கு ஜன்னல் வெட்டினாள். அதை வரியின் மேல் வைத்து மெதுவாக நகர்த்த வேண்டும். "மத்ததெல்லாம் வெளிய நிக்கட்டும். இது முதல்ல உள்ள வரட்டும்" என்பாள். மிளகு அந்த அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தைகள் உள்ளே வர ஆரம்பித்தன. வயிற்று வலி போயே போய்விட்டது.

இந்த நேரத்தில்தான் அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற பள்ளியின் வாசிப்பு டீச்சர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். புது ஆள் போட வழியில்லையாம். இனி இரண்டு பள்ளிக்கும் சேர்த்து ஒருவர்தானாம். எங்கே தேவை அதிகமோ அங்கேதான் அவராம். அதை ஓர் அதிகாரியம்மா நேரில் பார்த்து முடிவு செய்வாராம்.

ஆசிரியர் அறையில் கூட்டம் போட்டோம். "இந்த ஒரு தடவை நாற்காலி நகரக் கூடாது," என்றேன். "எது எப்படி இருக்கோ, அப்படியே காட்டணும்."

டிரில் மாஸ்டர் பேய்முழி முழித்தார். "அப்படியேன்னா... அப்படியேவா?"

"அப்படியே."

"அந்த ஆறாம் வகுப்பு பெஞ்சுல ஆணி நீட்டிக்கிட்டு நிக்குதே டீச்சர்?"

"ஆணியையும் சேத்துத்தான்."

"அசிங்கமா இருக்குமேம்மா," என்றார் தலைமையாசிரியர்.

"இருக்கட்டும் சார். அசிங்கமா இருந்தாத்தான் அவங்களுக்குப் புரியும். பணக்கார வீடு மாதிரி வேஷம் கட்டிக்கிட்டு நின்னா எவன் சார் நமக்கு உதவி செய்வான்?"

மூலையில் உட்கார்ந்திருந்த வாசிப்பு டீச்சர், "எனக்காக யாரும் கஷ்டப்பட வேண்டாம்," என்று முனகினாள். எனக்கு வந்ததே கோபம்.

"உனக்காகன்னு யாரும்மா சொன்னா? நீ போயிட்டா அந்தப் பிள்ளைங்களை என் தலையிலதான் கட்டுவாங்க. எனக்குப் பூனையே வரல, இதுவா வரும்?"

எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டியதை நம்பி நான் வீட்டுக்குப் போனேன். என்னைச் சொல்ல வேண்டும்.

அதிகாரி வருகிற அன்று காலையில் பள்ளிக்குள் நுழைந்ததுமே பினாயில் வாசம் தூக்கியடித்தது. வராந்தா முழுவதும் கழுவிவிட்டு, முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று கிடந்தது. பெருக்குகிற அம்மா மூலையில் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு அரை நாள்தானே வேலை? இந்நேரத்துக்கு யாரு உன்னை வரச் சொன்னா?"

"பெரியவங்க வர்றாங்கன்னா குப்பையா போட்டு வைக்க முடியும்? எனக்கு மானம் போயிடும் டீச்சர்," என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். வராந்தாவில் எல்லா பல்பும் ஜெகஜ்ஜோதியாக எரிந்தன. தலைமையாசிரியர் அறைக்கு ஓடினேன்.

"சார், பல்பு!"

"வர்ற அதிகாரியம்மாவுக்கு முழங்கால் வலியாம். இருட்டுல தடுக்கி விழுந்துட்டா யாரு பதில் சொல்றது? பல்பு மட்டும்தாம்மா மாட்டினேன். வேற எதையும் தொடல."

டிரில் மாஸ்டர் சுத்தியலோடு எதிரே வந்தார். நான் கேட்கும் முன்பே, "ஆணி மட்டும்தான் டீச்சர்," என்றார்.

ஆளாளுக்கு ஒரு 'மட்டும்'. பல்லைக் கடித்துக்கொண்டு என் வகுப்புக்குப் போனேன். அங்கே கரும்பலகையில் குறுக்கே ஓடுகிற விரிசலின் மேல் பெரிய வாய்ப்பாட்டு அட்டை ஒன்று நேராக, அழகாக, நாலு மூலையும் ஒட்டப்பட்டுத் தொங்கியது. முந்தின நாள் சாயங்காலம் அதை ஒட்டியது நான்தான். ஒட்டும்போது நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிய்க்கலாம் என்று கையை வைத்தபோது வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

அதிகாரியம்மா மெதுவாகத்தான் நடந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். காலை நீட்டி மடக்கவே சிரமப்பட்டார். முதல் வகுப்பைப் பார்த்தார். நீல நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், வெளியே வந்தார். நானும் கூடவே வந்தேன். பூந்தொட்டி அருகே வந்ததும் எங்கள் தலைமையாசிரியரின் கால்கள் தாமாக நின்றன.

"அம்மா, இந்தச் செடியைப் பாருங்களேன்," என்றார்.

நான் முறைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பேச்சை நிறுத்தத் தெரியவில்லை. வருடக்கணக்காக அந்தத் தொட்டி முன்னால் நின்று பேசிப் பழகிய வாய். "வருஷம் பூரா பூக்கும்மா..." என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பின்பக்கத்தில் வெறுங்கால்கள் தடதடக்கும் மெல்லிய ஓசை கேட்டது. நான் பின் வாசலுக்குப் பறந்தேன். வரிசையாக நீல நாற்காலிகள் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தன. நடுவில் டிரில் மாஸ்டர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"நான் சொல்லல டீச்சர்! சத்தியமா நான் சொல்லல! சார் தொட்டிகிட்ட நின்னதும் இதுங்களே கிளம்பிடுச்சுங்க!"

பிள்ளைகளைச் சொல்லி என்ன குற்றம்? தொட்டி முன்னால் சார் நின்றால் நாற்காலியைத் தூக்க வேண்டும் என்றுதானே பழக்கியிருக்கிறோம். கூட்டத்தில் பெரியவர்கள் எல்லாரும் தலையாட்டினோமே தவிர, பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்று ஒருத்தருக்காவது தோன்றியதா? எனக்கே தோன்றவில்லை. எல்லா வகுப்பிலும் அந்தம்மா நீல நாற்காலியில்தான் உட்கார்ந்தார். கடைசியில் மாடிப்படிக்கு அடியில், இரண்டு பேர் உட்கார்ந்தாலே முட்டுகிற அந்த இடத்தில்கூட, பாய்க்கு நடுவில் ஒரு நீல நாற்காலி குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது.

வாசிப்பு டீச்சரின் பக்கத்தில் மிளகு நின்றுகொண்டிருந்தாள். தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். கையில் பாடப் புத்தகம். சட்டைப் பையில் அட்டையைக் காணோம்.

"எங்கே, ஏதாவது படிச்சுக் காட்டும்மா," என்றார் அதிகாரி.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திக்கட்டும், பிள்ளை பட்டபாடு தெரியட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். ஆனால் என் காதில் விழுந்தது வேறு.

"புயல் ஓய்ந்தது. படகோட்டி கண்களைத் துடைத்துக்கொண்டு கரையைத் தேடினார். எங்கும் நீர். எங்கும் நிசப்தம்..."

கண்ணைத் திறந்தேன். மிளகுதான். அட்டை இல்லாமல், விரல் வைக்காமல், ஏற்ற இறக்கத்தோடு, படகோட்டிக்குக் கரகரப்பான குரல்கூடக் கொடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தின் கடைசி வரி முடிந்து அடுத்த பக்கத்தின் பாதிக்குப் போன பிறகு, ஞாபகம் வந்தது போலத் தாளைத் திருப்பினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலைந்து நாளாகச் சாயங்காலம் மாடியிலிருந்து அக்காவின் குரலில் புயல் ஓய்ந்துகொண்டே இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்த அலுப்போடு பிள்ளைக்குக் கதை சொல்கிறாள், நல்ல அம்மா என்று நினைத்துக்கொண்டு நான் கீழே துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி கைதட்டினார். வாசிப்பு டீச்சரின் முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அத்தனை பேர் முன்னால் அந்தப் பிள்ளையைக் காட்டிக்கொடுக்க அவளால் எப்படி முடியும்?

தலைமையாசிரியர் அறையில் வந்து உட்கார்ந்ததும் அதிகாரி பேனாவைத் திறந்தார். "நல்லாக் கொண்டு வந்திருக்கீங்க. அந்தப் பள்ளியில நிலைமை ரொம்ப மோசம் சார். இங்க பிள்ளைங்க தேறிட்டாங்க. டீச்சரை அங்கேயே அனுப்பிடலாம்னு எழுதறேன். உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இருக்காதே?"

"அது... சமாளிப்போம்மா," என்றார் எங்கள் ஆள்.

அவ்வளவுதான். எனக்கு மண்டைக்குள் என்னவோ வெடித்தது.

"என்னத்த சார் சமாளிப்பீங்க? சமாளிச்சுச் சமாளிச்சுத்தானே இந்த நிலைமைக்கு வந்து நிக்கிறோம்! அம்மா, நீங்க பாத்தது எதுவும் உண்மை இல்ல. இந்தப் பள்ளியில ஒரே ஒரு வகுப்புக்குத்தான் நாற்காலி இருக்கு. நீங்க போற இடத்துக்கெல்லாம் அதுவும் ஓடி வந்துச்சு!"

தலைமையாசிரியர் நாற்காலியோடு பூமிக்குள் போய்விடுவார் போல இருந்தது. அதிகாரியோ பேனாவைக்கூட மூடவில்லை.

"தெரியும்," என்றார்.

"தெரியுமா?"

"ரெண்டாவது வகுப்புல உக்காந்தேன், சூடா இருந்துச்சு. மூணாவதுலயும் சூடு. ஆளே இல்லாத மாடிப்படிக்கடியிலகூடச் சூடு. என்னை என்ன, முட்டாள்னு நினைச்சீங்களா?" அவர் குரலிலும் எரிச்சல் ஏறியது. "எல்லாப் பள்ளியிலயும் இதே கூத்துதான். ஒரு இடத்துல கம்ப்யூட்டரையே தூக்கிட்டு ஓடினாங்க. வாசல்ல வயர் மட்டும் கிடக்குது."

"தெரிஞ்சும் ஏன் எழுதல?"

"என்னன்னு எழுதறது? நாற்காலி சூடா இருக்குன்னா? நீங்க வாயைத் திறந்து இல்லன்னு சொல்லுங்க, எழுதறேன். ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறீங்க. செடியக் காட்டறீங்க. ஒவ்வொரு பள்ளியிலயும் எனக்குச் செடியப் பாத்தே வெறுத்துப்போச்சு." பெருமூச்சு விட்டார். "ஆனா அந்தப் பொண்ணு படிச்சதை நான் காதால கேட்டேன். அதையும் நீங்க தூக்கிட்டு வந்து வெச்சிருக்க முடியாதில்ல?"

சொல்ல வேண்டியதுதான். 'அதுவும் பொய். அவளுக்குப் படிக்க வராது.' ஐந்தே வார்த்தை. வாயைத் திறந்தேன். அப்போது பார்த்தால் கதவோரத்தில் மிளகு நிற்கிறாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பள்ளியில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். சந்தோஷத்தில் அதையும் மறந்துவிட்டாள்.

"சித்தி, நான் நல்லாப் படிச்சேன்ல? டீச்சர் இங்கேயே இருப்பாங்கல்ல?"

திறந்த வாயை மூடிக்கொண்டேன். அதிகாரிதான் அவளை அருகில் கூப்பிட்டார். "ரொம்ப நல்லாப் படிச்சேம்மா. நீ இவ்வளவு நல்லாப் படிக்கறதாலதான், உங்க டீச்சர் இன்னொரு பள்ளியில படிக்க வராத பிள்ளைங்களுக்குச் சொல்லித்தரப் போறாங்க."

சிரிப்பு அவள் முகத்திலிருந்து இறங்கியதை நான் பார்த்தேன். என்னைப் பார்த்தாள், சாரைப் பார்த்தாள். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது," என்றாள்.

"இப்பத்தானே படிச்சே?"

"அது அம்மா படிச்சுக் காட்டினாங்க. கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணினேன். நான் படிக்கலன்னா டீச்சர் சரியாச் சொல்லித்தரலன்னு நினைச்சு நீங்க அனுப்பிடுவீங்கன்னு நினைச்சேன்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. இதுவும் நாற்காலியோ என்று சந்தேகம். என் ரத்தம் கொதித்தது. ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கோபப்படுவது? நம்பாததற்கு அந்தம்மாவுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

மிளகு அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. மேஜைமேல் கிடந்த அன்றைய செய்தித்தாளை எடுத்து விரித்தாள். எங்கிருந்தோ அட்டையை எடுத்தாள். பாவாடை மடிப்புக்குள் ஒளித்து வைத்திருந்திருக்கிறாள். அதை முதல் வரியின் மேல் வைத்து, குனிந்து, ஆரம்பித்தாள்.

"கு... குடி... குடிநீ... குடிநீர்..."

அட்டையை நகர்த்தினாள். அடுத்த வார்த்தையின் முதல் எழுத்தைப் பார்த்ததும் வழக்கம்போல எதையோ சொல்லிவிட்டாள். இல்லை என்று தானே தலையாட்டி, திரும்ப முதலிலிருந்து வந்தாள். காது சிவந்துவிட்டது. மூக்கு நுனியில் வியர்வை. படிக்க வராது என்பதை மறைக்க ஆயிரம் பொய் சொன்ன பிள்ளை, கட்டிலைக் கட்டிக்கொண்டு கிடந்த பிள்ளை, மூன்று பெரியவர்கள் முன்னால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுத்தடுமாறிக்கொண்டு நின்றாள். அந்த வார்த்தை எனக்கு நாக்கு நுனியில் இருந்தது. சொல்லிவிடாமல் இருக்கப் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன்.

வாசிப்பு டீச்சர் எப்போது வந்து கதவருகே நின்றாளோ தெரியாது. "மூச்சு விடு. அவசரம் இல்ல," என்றாள் மெதுவாக.

மிளகு மூச்சு விட்டாள். "கு... ழா... குழாய்," என்றாள். அட்டையை நகர்த்தினாள்.

"போதும்மா," என்றார் அதிகாரி.

"இன்னும் ஒரு வரி இருக்கு," என்றாள் மிளகு. விடவில்லை. முழுவதும் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

அதிகாரி எழுதியதை அடித்தார். தலைமையாசிரியரை நேராகப் பார்த்தார். "சார், இந்த டீச்சர் இல்லாம உங்களால சமாளிக்க முடியுமா? உங்க வாயால சொல்லுங்க."

அவர் வாய் திறந்தது. உதடு பழக்கப்படி அந்த வார்த்தைக்குக் குவிந்தது. நான் எரித்துவிடுவது போலப் பார்த்தேன். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை, செய்தித்தாளைப் பிடித்திருந்த அந்தச் சின்னக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியாதுங்க," என்றார்.

சொன்ன பிறகு, அணை உடைந்த மாதிரி கொட்ட ஆரம்பித்துவிட்டார். "எதுவுமே முடியலைங்க. பெஞ்செல்லாம் ஆடுது. வராந்தாவுல பாதி பல்புதான் போடறேன். காய்ச்சல்ல படுத்த பிள்ளையத் தாண்டிக்கிட்டுப் புத்தகம் எடுக்கறாங்க. ஓவியத்துக்கு ஆள் இல்ல. இந்தம்மா வரையற பூனைய நீங்க பாக்கணும், பாத்தா அழுதுடுவீங்க..." இதை எதற்கு இங்கே இழுக்கிறார் என்று எனக்குத் தோன்றியது, அடக்கிக்கொண்டேன். பேசும்போது அவர் குரல் உடைந்துபோய்விட்டது. அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

எழுந்திருக்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "இந்த வருஷம் டீச்சர் இங்கேயே இருக்கட்டும். அந்தப் பள்ளிக்கு என்ன பதில் சொல்றதுன்னு நான்தான் மண்டைய உடைச்சுக்கணும். ஆனா ஒண்ணு, இருக்கறது ஒரே ஆள். அடுத்த வருஷம் மறுபடி வருவேன். அதுக்குள்ள இந்தப் பொண்ணும் மத்த பிள்ளைங்களும் தேறிட்டாங்கன்னா, அப்ப அங்க அனுப்பித்தான் ஆகணும். அங்கயும் பிள்ளைங்கதானே இருக்காங்க." அந்தம்மா சொன்னதில் தப்பும் இல்லை.

சாயங்காலம் மிளகும் நானும் வீட்டுக்கு நடந்தோம். டீச்சர் போகவில்லை, ஜெயித்துவிட்டோம், குதித்துக்கொண்டு வருவாள் என்று எதிர்பார்த்தேன். மருந்துக் கடை தாண்டி, பஸ் நிறுத்தம் தாண்டிய பிறகுதான் கேட்டாள்.

"சித்தி, நான் நல்லாப் படிக்கக் கத்துக்கிட்டா டீச்சர் போயிடுவாங்கல்ல?"

"அது அடுத்த வருஷத்துக் கதை. இப்ப எதுக்கு?"

"டீச்சரைக் கூட்டிட்டுப் போயிட்டா, இன்னும் ரெண்டாவது மூணாவது படிக்கறதுங்க எல்லாம் என்ன பண்ணும்?" கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தாள். பிறகு என்னைத் தேற்றுவது போல என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பரவாயில்ல சித்தி. நான் மெதுவாவே கத்துக்கறேன்."

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரைப் பிடித்து உலுக்குவது என்றே தெரியவில்லை. கடைசியில் அவளைத்தான் உலுக்கினேன்.

"வேகமாக் கத்துக்கடி! எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமாக் கத்துக்க! டீச்சரைப் பிடிச்சு வைக்கறது உன் வேலை இல்ல, எங்க வேலை! பெரியவங்க நாங்க எதுக்கு இருக்கோம்?"

தெருவில் போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மிளகு அசரவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கல்லாம் நாற்காலிதானே தூக்குவீங்க," என்றாள்.

பையைக் கழற்றிப் பட்டாசு டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, முன்னால் நடந்தாள்.